தங்கும் செலவு: இல்லை

குறைச்சுக் கேட்டால் கட்டாயம் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பியவன் நான். சின்ன வயசில் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், கல்லூரியில் விலங்கியல் நடத்தி நடத்தி முடி கொட்டிய பிறகு நம்பினேன். கைமாத்து கேட்கக் கிளம்புகிறவனைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் கிளம்பும்போது பத்தாயிரம். தெருமுனை திரும்பும்போது எட்டு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஐந்து. உள்ளே போய் உட்கார்ந்ததும், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி ஒரு காபியைக் குடித்துவிட்டு வருவான். அந்த ரகம் நான். அதே புத்தியோடு, வெளிநாட்டில் போய் வௌவால் ஆராய்ச்சி செய்வதற்கு, ஒரு வெளிநாட்டு அறக்கட்டளைக்கு பட்ஜெட் போட்டேன்.

வௌவால் என்றதும் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். பழந்தின்னி வௌவால்களை எண்ணுவது என் வேலை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெரிய மரத்துக்குக் கீழே நிற்பேன். ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது கையிலிருக்கும் சின்ன எந்திரத்தின் பொத்தானை அமுக்குவேன். வாக்கிங் வருகிறவர்கள் நான் ஏதோ ஜபம் எண்ணுகிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். நானும் திருத்தியதில்லை.

என்னிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்த மாணவி என்னைவிட உருப்படியான ஆள். மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. வில்லியனூருக்கு அந்தாண்டை ஒரு விவசாயக் குடும்பம். பகலில் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து வௌவால் எச்சத்தைச் சேர்ப்பார். கழுவி, அதில் இருக்கும் விதைகளைப் பொறுக்கி, அப்பாவின் நிலத்து மூலையில் பாத்தி கட்டி விதைத்து, எது முளைக்கிறது என்று பார்ப்பார். எந்தெந்த மரத்தை வௌவால் நடுகிறது என்பது அவருடைய கேள்வி. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. மொத்தம் எத்தனை என்பதோடு என் அறிவு வீட்டுக்குப் போய்விடும்.

அந்தம்மாவின் வேலையை வருஷா வருஷம் பார்வையிடுகிற குழு ஒன்று உண்டு. அது கடைசிக் கூட்டத்தில் ஒரு குண்டைப் போட்டது: ஒரே ஊரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, வேறொரு இடத்தோடு ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் எழுதுங்கள். பதிவுக் காலத்தை ஏற்கனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இன்னொரு முறை கிடையாது. ஒன்றரை வருஷத்துக்குள் அந்த அத்தியாயம் வராவிட்டால் ஆறு வருஷமாகக் கழுவிய எச்சம் வெறும் எச்சம்தான். வந்துவிட்டால் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தம்மாவுக்கு இதில் இருந்தது அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் இதில்தான் இருந்தது.

ரெயூனியன் தீவு கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. ஒரு காலத்தில் அங்கே பழந்தின்னி வௌவால் அடியோடு அழிந்துபோனது; இப்போது பக்கத்துத் தீவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம் முன்பு எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது என்னோடு மரத்தடியில் நின்றிருக்கிறார். அவரே எழுதினார்: வாருங்கள், எங்கள் ஆய்வு நிலையத்தில் அறை உண்டு, வாடகை குறைவு, வௌவால் மரம் நடந்து போகிற தூரம். செலவுக்கு அறக்கட்டளையிடம் கேளுங்கள்.

பட்ஜெட் போட அந்தம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஃபைல். இரண்டு பேருக்கு விமான டிக்கெட், விசா, காப்பீடு, தொலைநோக்கி, சாப்பாடு, ஆறு வாரத்துக்கு இரண்டு அறை, எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் வாங்கி வரிசையாகப் பின் குத்தி வைத்திருந்தார். மொத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சூடானது. என் பயத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் காது, அப்புறம் உள்ளங்கால், கடைசியில் வாய். வாய்க்கு வந்துவிட்டால் ஜோக்காக வெளியே போகும்.

"ஏம்மா, வௌவால் பாக்கப் போறமா, வௌவால விலைக்கு வாங்கப் போறமா?"

"வௌவால் கூடத் தொங்கறதுக்கு ஒரு கிளை வச்சிருக்குது சார். நமக்கு ரூம் வேணாமா?"

"எதிர்பாராத செலவுன்னு ஒண்ணு போட்டிருக்க. எதிர்பாராதத எப்பிடிம்மா எதிர்பாத்து எழுதறது?"

"உங்கள கூட்டிக்கிட்டுப் போறம் இல்ல, அதுக்குத்தான்."

அடுக்களையிலிருந்து என் மனைவி சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தம்மா பட்ஜெட்டை என் மடிக்கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வரியையும் எனக்குக் காட்டி, "அப்பிடியே அனுப்பிடுங்க சார், ஒண்ணும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். தொடாதீங்க என்று சொன்னதை இரண்டு முறை சொன்னார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் இயற்பியல் பேராசிரியர் ஒருத்தர், எங்கள் கல்லூரியின் எல்லாம் தெரிந்தவர், டீ உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "போன தடவ அங்க பெருசா கேட்டவன் அத்தினி பேரும் அவுட்டு. சின்னதா கேட்டவன் தப்பிச்சான்." அவர் எங்கே கேள்விப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீ ஆறியிருக்கும். அன்று முழுக்க உள்ளங்கால் சூடு. வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் கட்டினேன். அது எண்ணைக் காட்டாமல் பிழை என்று காட்டியது. என்னைப் பற்றி அது சொன்ன ஒரே சரியான தகவல் அதுதான்.

அன்றுதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். எதிர்பாராத செலவு போயிற்று. தொலைநோக்கி ஒன்று போதும், இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கண்ணுதானே. சாப்பாட்டைப் பாதியாக்கினேன். இன்னும் தொகை பெரிதாகவே இருந்தது. டிக்கெட்டை வெட்ட முடியாது, நீந்தியா போவது. அப்போதுதான் என் கண் தங்கும் செலவு என்ற வரியில் நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒருத்தர் பிரான்சுக்கோ, பிரான்சைச் சேர்ந்த தீவுக்கோ போகிறார் என்றால், எங்கே தங்குவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. யார் வீட்டில் என்றுதான் கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை சொல்தா வீடு என்போம். ஒரு தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும், அந்த வீட்டில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். அங்கே போய் ஓட்டலில் ரூம் எடுத்தேன் என்று சொல்பவனைப் பார்த்து, பாவம் நாதி இல்லாதவன் என்று பரிதாபப்படுவார்கள். என் மனைவியின் அக்காளைக் கட்டியவர், அதாவது என் சகலை, சொல்தா வீட்டுப் பிள்ளை. இருபது வருஷமாக ரெயூனியன் தீவில்தான் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம், "சகல, ஒருக்கா வந்து தங்கிட்டுப் போ, வீடு சும்மாதான் கெடக்குது" என்பார்.

அந்தம்மா எழுதிய வரியை அழித்தேன். அந்த இடத்தில், உறவினர் இல்லத்தில் தங்கல், செலவு இல்லை என்று அடித்தேன். மொத்தம் திடீரென்று ஒல்லியாகி அழகாக நின்றது. அனுப்பிவிட்டேன். அந்தம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று நினைத்தேன் என்று இங்கே எழுதலாம். பொய். சொன்னால் திட்டுவார் என்றுதான் சொல்லவில்லை.

மூன்று மாசம் கழித்துக் கடிதம் வந்தது. கேட்ட தொகை, ஒரு பைசா வெட்டாமல். கூடவே ஒரு பாராட்டு: உள்ளூர் உறவுகளைப் பயன்படுத்திச் சிக்கனமாகத் திட்டமிட்டிருப்பது மற்றவர்களுக்கு முன்மாதிரியாம். நான் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து இயற்பியலாருக்குக் காட்டினேன். அவர் தன் யோசனைக்கு இரண்டு சமோசா வாங்கிக்கொண்டார். கடிதத்தின் கடைசியில் நிபந்தனைகள்: மொத்தத் தொகை கூடாது. செலவுத் தலைப்புகளுக்குள் பணத்தை மாற்ற வேண்டுமென்றால், திட்டப் பொறுப்பாளர் ஒரே ஒரு முறை, குறிப்பிட்ட தேதிக்குள் கடிதம் எழுதிக் கேட்கலாம். திட்டப் பொறுப்பாளர் நான்தான்.

அன்று சாயங்காலமே சகலைக்கு வீடியோ கால். அக்காள்தான் முதலில் வந்தார், வாழ்த்தோடு ஒரு பட்டியலும் வந்தது. கறி வடகம், ஆவக்காய், கனகசெட்டிக்குளத்துக் கருவாடு, ஒரு கிலோ சுண்டைக்காய் வத்தல், ஜாக்கெட் தைத்து வாங்கவேண்டியது நாலு. பட்டியல் முடிந்ததும் சகலை போனை வாங்கினார்.

"எத்தினி பேரு சகல?"

"ரெண்டு."

"அதானே, மச்சினியும் வருதா. நல்லாப் போச்சு."

"அவ வரல. எங்கிட்ட பிஎச்.டி. பண்றவங்க ஒருத்தங்க."

"பையனா?"

"லேடி."

சகலை பின்னால் ஓடிய டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சகல, தப்பா எடுத்துக்காத. சொந்தக்காரங்க வீட்ல தங்கறேன்னு விசாவுக்குக் காட்டணும்னா, நான் இங்க மேரிக்குப் போயி பொறுப்புக் காகிதத்துல கையெழுத்துப் போடணும். மேரின்னா இங்க முனிசிபாலிட்டி ஆபீசு, நான் அங்கதான் வேலை செய்யறேன், எல்லாரும் பாத்த மொகம். உனக்குன்னா நாளைக்கே போடறேன். அந்தம்மா யாரு எனக்கு? நாளைக்கு ஒண்ணுன்னா என் கழுத்தத்தான் புடிப்பான்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"ஆவாதுதான். ஆனா இங்க நம்ம ஊரு ஆளுங்க நாப்பது குடும்பம் இருக்குது. கோயில்ல கேப்பாங்க, யாரு வந்திருக்கறதுன்னு. மச்சினி புருசனும், அவரோட இன்னொரு அம்மாவும்னு சொல்லவா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். வீடு சும்மாக் கிடக்கிறது என்றால், சொந்தத்துக்குச் சும்மாக் கிடக்கிறது என்று பொருள். பட்ஜெட்டில் நான் எழுதிய உறவு என்னுடைய உறவு. அதை இரண்டால் பெருக்கியது நான்தான்.

இன்னொன்றையும் சொன்னார். "வௌவால் எந்தப் பக்கம்? ஓ, அது தீவுக்கு அந்தாண்ட கோடி. நாங்க இந்தாண்ட. பஸ் புடிச்சா போவ அரை நாளு, வர அரை நாளு." வரைபடத்தை நான் பார்க்கவே இல்லை. தீவு என்றதும் நம்ம ஊர் போல இத்தனூண்டு இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தூரம் என்றால் ஊர் எல்லையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேடு. அதைத் தாண்டினால் அடுத்த மாநிலம் வந்துவிடும், அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிய நோயாளிகள் எல்லாரும் எனக்கு எதிரே ஊருக்குள் வந்துகொண்டிருப்பார்கள். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலை அளந்திருக்கிறேன்.

அந்தம்மாவிடம் சொல்ல நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவரே ஒப்புதல் கடிதத்தோடு இணைத்திருந்த பட்ஜெட் தாளைத் திறந்து பார்த்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில், கழுவிய விதைகளைத் தட்டில் பரப்பிக்கொண்டே கேட்டார்.

"சார், நான் போட்ட வரி எங்க?"

"எந்த வரிம்மா?"

"தங்கும் செலவு."

"அது, சொந்தக்காரங்க வீட்ல தங்கறம்னு மாத்திட்டேன். தொகை பெருசா தெரிஞ்சிதா..."

"யாரோட சொந்தக்காரங்க சார்?"

நான் கழுத்து, மேரி, கோயில், நாற்பது குடும்பம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு ஜோக் சொன்னேன். அவை என்ன என்று ஞாபகம் இல்லை. அவர் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. அவர் தீவிலிருந்த மேடத்துக்கு உடனே மெயில் எழுதினார். அரை மணியில் பதில் வந்தது: அறை காலி இருக்கிறது, முன்பணம் கட்டினால் விசாவுக்குத் தேவையான கடிதம் தருவோம், இலவசமாகத் தர எனக்கு அதிகாரம் இல்லை, மன்னிக்கவும்.

அந்தம்மா ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு டிக்கெட்ட விட்டா, ஒரு ஆளுக்கு ஆறு வாரத்துக்கு ரூம் வந்துடுது சார். கொஞ்சம் மிச்சமும் இருக்குது. தலைப்பு மாத்தறதுக்கு ஒரு லெட்டர் போதும்."

யாருடைய டிக்கெட் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அத்தியாயம் எழுதவேண்டியது அவர். எச்சம் பொறுக்கத் தெரிந்தவர் அவர். நான் போனால் எண்ணுவேன்.

"பாக்கலாம்மா" என்றேன்.

"தேதி இருபதுக்குள்ள சார்."

"பாக்கலாம்னு சொல்றேன் இல்ல."

அன்றைக்கு ராத்திரியே கடிதத்தை அடித்தேன், இல்லை என்று சொல்லக்கூடாது. என் பயணச் செலவை ரத்து செய்து, அந்தத் தொகையை ஆராய்ச்சி மாணவியின் தங்கும் செலவுக்கு மாற்ற வேண்டுகிறேன் என்று நாலே வரி. அனுப்பாமல் வரைவுப் பெட்டியில் வைத்தேன். நாளைக்கு ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்றிருந்தேன். மறுநாள் படித்ததில் ஒரு காற்புள்ளி சரியில்லை. அதற்கு அடுத்த நாள் எழுத்துரு பிடிக்கவில்லை. இந்த மாதிரி ஒரு கடிதத்தை எவ்வளவு நாளைக்குத் திருத்தலாம் என்று என்னைக் கேளுங்கள்.

அதற்குள் எனக்கு நியாயங்கள் சேர ஆரம்பித்தன. நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. இன்னும் சில வருஷத்தில் ஓய்வு. சூட்கேஸ் வாங்கியாகிவிட்டது, நாலு சக்கரம். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து வந்து, நான் கைகூப்பும் பொம்மை போட்டாகிவிட்டது. பொறுப்பாளரே போகவில்லையென்றால் அறக்கட்டளை என்ன நினைக்கும். தனியாக ஒரு பொம்பளை அவ்வளவு தூரம் போய் என்ன செய்வார் என்று கூட ஒரு நியாயம் வந்தது. ஆறு வருஷமாக எனக்குப் பஸ் மாறச் சொல்லிக்கொடுத்தது அந்தம்மாதான். என் கைக்காசைப் போட்டு அவருக்கு அறை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த யோசனையும் வந்தது. மாடி கட்டிக்கொண்டிருந்தோம். வந்த யோசனையை மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

என் மனைவிதான் ஒருநாள் சாப்பாடு போடும்போது கேட்டார். "அந்தம்மா விசயம் இன்னா ஆச்சு?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க யோசிக்கறது இன்னா, போவலாமான்னா? அத எப்பவோ முடிவு பண்ணிட்டீங்க. எப்பிடிச் சொல்றதுன்னுதான யோசிக்கறீங்க."

சோற்றில் கவனமாக இருப்பதுபோல் இருந்தேன். அவர் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக அப்பளம் வேணுமா என்று கேட்பார், அன்றைக்குக் கேட்கவில்லை.

இருபதாம் தேதி காலையில் அந்தம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "சார், இன்னிக்கு கடைசி." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். சாயங்காலம் இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினேன். அதற்குக் காற்புள்ளி, எழுத்துரு எதுவும் பார்க்கவில்லை, ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. தங்குமிடம் இல்லாததால் ஆராய்ச்சி மாணவியால் பயணம் செய்ய இயலவில்லை. அவருடைய பயணத் தொகையை, உறவினர் இல்லத்திலிருந்து ஆய்வு இடத்துக்கு வாடகைக் காரில் சென்று வரும் செலவுக்கு மாற்ற வேண்டுகிறேன். ஒரே ஒரு முறை மாற்றலாம் என்றார்களே, அந்த முறையை அப்படிச் செலவழித்தேன். இரண்டே நாளில் ஒப்புதல் வந்தது. இந்த முறை பாராட்டு இல்லை.

அந்தம்மாவிடம் போனில் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். எச்சம் சேர்க்கும் தார்ப்பாயையும் சல்லடைகளையும் கழுவிக் காயவைத்து, எந்த அளவுக் கண்ணில் எந்த விதை நிற்கும் என்று கைப்பட எழுதி, ஒரு பையில் போட்டுக் கல்லூரி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நேரில் தரவில்லை.

நான் போனேன். ஆறு வாரம் சகலை வீட்டில் இருந்தேன். ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், கோயிலில் இரண்டு அபிஷேகம். கருவாட்டை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டதால் அக்காள் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. வௌவால் மரத்துக்குப் பதினொரு நாள் போக முடிந்தது. சல்லடையை எப்படிப் பிடிப்பது என்று இரண்டாவது நாள்தான் புரிந்தது. நான் கொண்டுவந்த விதைகள் ஒரு அத்தியாயத்துக்குப் போதவில்லை என்று குழு சொன்னது. அடுத்த வருஷம் அந்தம்மாவின் பதிவை ரத்து செய்தார்கள். ரத்துக் கடிதத்தில் நெறியாளர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.